இணையவழித் தொடக்கக் கல்வி: பிள்ளைக்கு அருகில் அமர்பவர் யார்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டு நம் கல்விக் குழுவின் மேசைக்கு வந்த விண்ணப்பங்களுள் இரண்டைப் பற்றி மட்டுமே இன்று பேச விழைகின்றோம். முதல் விண்ணப்பம் வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் நம் மஹல்லாவின் சகோதரர்கள் சிலர் கையொப்பமிட்டு அனுப்பியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து டேப்லெட் வாங்கித் தரவேண்டும், இணையவழி வகுப்புகளுக்கான சந்தாவில் ஒரு பகுதியையும் ஜமாஅத் ஏற்கவேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. இரண்டாவது விண்ணப்பம் தாய்மார்களிடமிருந்து வந்தது. அது நான்கே வரிகள். மாலை நேரத்தில் பிள்ளைகளை அமரவைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்க, மதரஸா மாடியைத் திறந்துவிட்டு ஆள் போட்டுத் தரமுடியுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற நம் நிதி இடந்தராது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். எதைப் பரிந்துரைக்கின்றோம், ஏன் பரிந்துரைக்கின்றோம் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு தெளிவு. இணையவழிக் கல்வியே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. கல்லூரி மாணவரும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவரும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் புரியாமல் தவிப்பவரும் அதனால் பெறும் பயன் நம் கண்முன் தெரிகின்றது. டெல்லி அரசு 2022 ஆகஸ்டில் இணையவழிப் பள்ளியொன்றைத் தொடங்கியபோது, அதனை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென்றே அமைத்தது. தானே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதிரில் உள்ள திரை ஒரு நூலகம். இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது என்னவாக இருக்கின்றது என்பதே நம் கேள்வி.

2020 மார்ச்சில் பள்ளிகள் அடைக்கப்பட்ட நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. அக்கரையில் தமிழ்நாட்டில் நடந்ததே இக்கரையில் காரைக்காலிலும் நடந்தது. பள்ளி என்பது உம்மாவின் கைப்பேசிக்குள் சென்று குடியேறியது. வாப்பா துபாயிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருக்க, வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. மூன்று பிள்ளைகள் இருந்தால், பொதுத் தேர்வு எழுதவேண்டிய மூத்த பிள்ளைக்கே அது போய்ச் சேர்ந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முறை வருவதற்குள் வகுப்பும் முடிந்துவிடும், மின்னூட்டமும் தீர்ந்துவிடும். 2021 ஜனவரியில் புதுச்சேரி அரசு சிறு வகுப்புகளுக்கும் அரைநாள் பள்ளியைத் திறந்தது. பிள்ளைகள் பையைத் தூசி தட்டி எடுத்துச் சென்ற சில வாரங்களிலேயே இரண்டாம் அலை வந்து மீண்டும் அடைத்துவிட்டது. முதல் வகுப்பில் சேர்ந்து, ஆசிரியரின் முகத்தைச் சரிவரப் பாராமலேயே மூன்றாம் வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு.

இங்கே நம் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்நாட்களில் வசதியற்ற குடும்பங்களுக்குச் சில மாதங்கள் ரீசார்ஜ் செய்து கொடுத்தோம். அதை ஆண்டறிக்கையிலும் பெருமையாக அச்சிட்டோம். செய்தது தவறன்று. ஆனால் அத்துடன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அந்த ரீசார்ஜில் எந்தப் பிள்ளை எதைக் கற்றது என்று ஒரு வீட்டுக்கேனும் சென்று கேட்கவில்லை. பிறகு மக்தப் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கைதாவின் பாதியைக் கைப்பேசியில் ஓதி முடித்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் ஹஜ்ரத்தின் முன் வந்து அமர்ந்தபோது, வரிசையாகச் சொன்னால் சொன்னார்கள். நடுவில் ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்தால் விழித்தார்கள்.

அது நம் ஊரின் கதை மட்டுமன்று. பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் முன்னின்று, 2021 ஆகஸ்டில், தமிழ்நாடு உட்படப் பதினைந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களின் பிள்ளைகளிடையே ஆய்வொன்றை நடத்தினார்கள். அதில் முறையாக இணையவழியில் படித்துவந்தவர்கள் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 24 பேர். கிராமப்புறத்தில் வெறும் 8 பேர். கைப்பேசி இல்லாததுதான் காரணம் என்று உடனே தோன்றும். அது பாதி உண்மையே. பிரதம் அறக்கட்டளை நடத்தும் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வின்படி, கிராமப்புறத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 2018இல் நூற்றுக்கு 36.5; 2021இல் அது 67.6 ஆயிற்று. ஏறக்குறைய இரு மடங்கு! ஆயினும் அதே அமைப்பின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 27.3 விழுக்காடாக இருந்தது 20.5 ஆகக் குறைந்திருந்தது. வீட்டுக்குள் கருவி வந்தது, வாசிப்பு வெளியேறியது. நோய், பசி, வேலையிழப்பு எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. கருவி மட்டும் வந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சிறு பிள்ளை கற்பது மூளையால் மட்டுமன்று. வாயால், விரலால், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து. ஆசிரியை ‘அ, ஆ’ என்று சொல்ல, முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்களே, அந்தக் கூட்டு ஒலியில் தெரியாத பிள்ளையும் வெட்கமின்றிச் சேர்ந்துகொள்ளும். இரண்டு நாளில் அதற்கும் வந்துவிடும். இணையவழியில் இது இயலாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒலி வந்து சேர ஒவ்வொரு அளவு தாமதமாகும். முப்பது குரலும் ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிடும். அதனால்தான் ஆசிரியை முதல் வேலையாக எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிடுகிறார். பேசக் கற்கும் வயதில் பிள்ளையின் வாயை அடைத்துவைத்து நடக்கும் வகுப்பு அது!

எழுத்தும் அவ்வாறே. பென்சிலை முஷ்டியால் பிடிக்கும் பிள்ளையின் விரல்களைத் திரைக்குப் பின்னாலிருந்து எவர் திருத்துவார்? ‘ழ’வை வலமிருந்து சுழிக்கும் பிள்ளையின் எழுத்து முடிவில் சரியாகவே தோன்றக்கூடும், எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் சுழித்த திசை தெரியாது. ஓதுதலுக்கு வந்தால் இன்னும் நுட்பம். ஸேயும் ஸீனும் ஸாதும் கைப்பேசியின் சிறு ஒலிப்பானில் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கின்றன. நாக்கின் நுனி பல்லைத் தொட்டதா, பல்லுக்கு வெளியே வந்ததா என்பதை உஸ்தாத் கண்ணால் பார்த்தே திருத்துகிறார்கள். பெரியவர்கள் இணையவழியில் தஜ்வீத் கற்று முன்னேறியிருக்கிறார்கள், அதைக் கண்டிருக்கின்றோம். அலிஃபில் தொடங்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதே பலனை எதிர்பார்த்ததுதான் நாம் செய்த தவறு.

அரசும் இதை அறியாமல் இருக்கவில்லை. ஒன்றிய அரசு 2020 ஜூலை 14இல் வெளியிட்ட ‘ப்ரக்யதா’ வழிகாட்டு நெறிகளில், மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு அரை மணிக்கு மேல் கூடாது, அதுவும் பெற்றோருடன் உரையாடி வழிகாட்டவே என்றும், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றும் வரையறுத்தது. கர்நாடக அரசோ அவ்வாண்டு ஜூனில் சிறு வகுப்புகளுக்கு நேரடி இணைய வகுப்பையே தடைசெய்தது. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. முற்றாகத் தடுப்பதும் பிள்ளையின் கல்வி உரிமையைப் பறிப்பதாகும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கத்தான் செய்கின்றது.

“வெளிநாடுகளில் நடக்கவில்லையா?” என்று வளைகுடாச் சகோதரர்கள் தம் கடிதத்தில் கேட்டிருந்தார்கள். நடக்கின்றது. அமெரிக்காவில் தொடக்க வகுப்பிலிருந்தே முழுநேர இணையவழிப் பள்ளிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகின்றன. ஆனால் அங்கே சிறு பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் ‘கற்றல் பயிற்சியாளர்’ என்று பதிந்துகொள்வார்கள். அவர் பெரும்பாலும் தாய். பாடத்தை நிறுவனம் அனுப்பும். பிள்ளையை அமரவைத்து, பென்சில் பிடிக்க வைத்து, கவனம் சிதறாமல் காப்பது அவருடைய வேலை. அவ்வளவு ஏற்பாடு இருந்தும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையமொன்று 2015இல் வெளியிட்ட அறிக்கை, அரசு நிதியில் இயங்கும் இணையவழிப் பள்ளி மாணவர்கள் சராசரியாக ஆண்டொன்றுக்கு வாசிப்பில் 72 நாள் அளவும், கணிதத்தில் 180 நாள் அளவும் பின்தங்கினார்கள் என்று கணக்கிட்டது. அந்நாட்டில் ஒரு பள்ளியாண்டே ஏறத்தாழ 180 நாட்கள்தாம்.

பிரெஞ்சுக் குடியுரிமையுடன் அந்நாட்டில் வாழும் நம் உறவினர்களுக்கு வேறோர் உதாரணம் தெரிந்திருக்கும். 1939ஆம் ஆண்டு இறுதியில், போரினால் பள்ளி இழந்த பிள்ளைகளுக்கு அஞ்சல் வழியே பாடம் அனுப்ப பிரெஞ்சு அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கிற்று. ‘க்நெட்’ என்று வழங்கும் அது இன்றும் தொலைதூரக் கல்வி அளிக்கின்றது. அஞ்சல் போய் இணையம் வந்துவிட்டது. தொடக்க வகுப்புப் பிள்ளையென்றால் அருகிருந்து நடத்தும் பெரியவர் ஒருவரை அதுவும் எதிர்பார்க்கின்றது. 2020 மே 11 முதல் பிரான்சில் பள்ளிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டபோது, முதலில் அழைக்கப்பட்டவர்கள் மழலையரும் தொடக்க வகுப்பினருமே. டென்மார்க்கில் அதற்கும் முன்னரே, ஏப்ரல் நடுவில், சின்னஞ்சிறார் பள்ளிக்குச் சென்றார்கள். பெரியவர்கள் திரையில் சமாளிப்பார்கள், சிறியவர்களால் இயலாது என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கம் கணக்கு தலைகீழ். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1இல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே திறந்தார்கள். சிறு வகுப்புகள் நவம்பர் 1 வரை காத்திருந்தன. நம் காரைக்காலிலோ ஆண்டு இறுதியில்தான்.

இனி எல்லை தாண்டிப் பார்ப்போம். வாஞ்சூரைக் கடந்தால் நாகூர், அது தமிழ்நாடு. அங்கே 2021 அக்டோபர் 27இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கட்டமாகத் தேர்ந்த பன்னிரண்டு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அதில் நவீனக் கருவி எதுவும் இல்லை. அந்தந்தத் தெருவில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள், இளைஞர்கள் தன்னார்வலராகி, மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள், திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ ஏறத்தாழ இருபது பிள்ளைகளை அமரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இவ்வாறு முன்வந்தார்கள்.

இதன் பலனை அளந்தும் இருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துவந்தார்கள். 2021 டிசம்பரில், அதே கிராமங்களில் 2019இல் அதே வயதிலிருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் சரிவு இரு மடங்கு. ஆயினும் பள்ளி திறந்த ஆறே மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது! அவ்வாறு மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. அவ்வகுப்புகளுக்கு வந்தவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம் என்பதையும் குறித்திருக்கிறார்கள். பதினெட்டு மாதம் திரை செய்யமுடியாததை, அருகில் வந்து அமர்ந்த ஆசிரியரும் அடுத்த தெரு அக்காவும் ஆறு மாதத்தில் பெருமளவு செய்து காட்டினார்கள்.

அந்தத் திட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றது. அது தமிழ்நாட்டின் திட்டம். நாம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியினர். 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய நாள்முதல் இது நமக்குப் பழகிய கதை. மூன்று புறமும் தமிழ்நாடு சூழ்ந்திருக்க, நம் கோப்பு மட்டும் புதுச்சேரிக்குப் பயணமாகும். அதனால் பெற்ற சலுகைகளும் உண்டு. அவற்றை மறைப்பது நன்றியாகாது. ஆனால் நாகூரிலுள்ள மாமி வீட்டுப் பிள்ளை மாலை வகுப்புக்குச் சென்றபோது, நம் பிள்ளை யூடியூபில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கொண்டுவந்து தரக் காத்திராமல் ஜமாஅத்தே செய்யக்கூடிய பணி இது என்பது எமது கருத்து.

தாய்மார்களின் விண்ணப்பம் வந்தபின் அவர்களுள் சிலரிடம், கல்விக் குழுவிலுள்ள சகோதரிகள் வாயிலாகக் கருத்துக் கேட்டோம். ஒரு தாய் சொன்னது இது: “வகுப்பு நடக்கையில் அடுப்பில் உலை இருக்கும், மடியில் கைப்பிள்ளை இருக்கும். டீச்சர் அம்மா புள்ளைகிட்ட கேக்குறதுக்கு நான்தான் பதில் சொல்லணும். பாடம் புள்ளைக்கா எனக்கான்டே தெரியல.” நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றது. சிறு பிள்ளைக்கான இணையவழிப் பள்ளி என்பது ஆசிரியரின் வேலையைத் தாயின் தோளில் மாற்றி வைப்பதே. தாய்க்குப் படிப்பும் ஓய்வும் இருக்கும் வீட்டில் அது நடந்துவிடும். மற்ற வீட்டில் பிள்ளையும் கற்காது. “என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லையே” என்ற குற்றவுணர்வு தாய்க்கு மிஞ்சும். டேப்லெட் வாங்கித் தந்தால் இந்தச் சுமை குறையுமா, கூடுமா? வளைகுடாச் சகோதரர்கள் தம் வீட்டில் கேட்டுப் பார்க்கவேண்டுகின்றோம்.

அவர்களது ஆர்வத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ணிவிடக்கூடாது. பிள்ளையின் படிப்பில் தமக்கும் பங்கு வேண்டும் என்ற ஏக்கமே அந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கின்றது. அதற்கு இணையம் மிக நன்றாகப் பயன்படும். இங்கே இரவு எட்டரை மணியென்றால் குவைத்திலும் ரியாத்திலும் மாலை ஆறு, துபாயில் ஏழு. பிள்ளை உறங்குமுன் பத்து நிமிடம் கைப்பேசியில் வாப்பாவுக்குப் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டட்டும். தவறினால் வாப்பா திருத்தட்டும். அதற்குச் சந்தா கிடையாது. அதுபோல, ஐப்பசி கார்த்திகை மழையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்களிலும், நோயுற்ற பிள்ளைக்கும், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பெற்றுவரும் க்யூ.ஆர். குறியீட்டில் உள்ள காணொளிகளைப் பார்க்கவும் திரை உதவட்டும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியதை மட்டும் நினைவில் வைத்தல் நலம். சோறூட்டும்போது காட்டும் நேரத்தையும் அதில் சேர்த்தே கணக்கிடவேண்டும்!

எனவே கல்விக் குழுவின் பரிந்துரை வருமாறு. டேப்லெட் விண்ணப்பத்தை இவ்வாண்டு ஏற்க இயலாது. அதற்கு ஆகும் தொகையில், மக்தப் முடிந்தபின் மதரஸா மாடியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளும் ஒரு மணி நேர வாசிப்பு வகுப்பு நடத்தப்பெறும். ஓர் ஆசிரியைக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் இராது. நம் மஹல்லாவில் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கே முதலிடம். ஊக்கத்தொகையை ஆயிரம் ரூபாயோடு நிறுத்தாமல், அவர்களது உழைப்புக்கு ஒத்ததாக அமைக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கின்றோம். காணொளி காட்ட ஒரே ஒரு டேப்லெட் வாங்கி, வகுப்பறையிலேயே வைத்துப் பூட்டப்படும். தெருவிலுள்ள பிற சமயத்துப் பிள்ளைகள் வர விரும்பினால் அவர்களுக்கும் இடமுண்டு. பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தமிழில் பெயர் ஒன்றாகவே இருக்கும்போது, வாசலில் நின்று எவரையும் திருப்பியனுப்புவது அழகன்று.

வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளில் ஒரு பத்தி படிக்கச் சொல்லி, தேதியிட்டுக் குறித்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் அதே அளவுள்ள வேறொரு பத்தியைப் படிக்கச் சொல்வோம். எத்தனை பேர் முன்னேறினார்கள், எத்தனை பேர் முன்னேறவில்லை என்ற இரு எண்களும், பெயர் குறிப்பிடாமல், அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தில் அச்சிடப்பெறும், இன்ஷா அல்லாஹ். இரண்டாவது எண் பெரிதாக இருந்தாலும் அச்சிடுவோம்.

சொல்லிக்கொடுக்க முன்வரும் சகோதரிகள் தம் பெயரைக் கல்விக் குழுவின் சகோதரிகளிடமும், பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவோர் ஜமாஅத் அலுவலகத்தில் அஸருக்குப் பின்னும் பதிவு செய்துகொள்ளலாம். மாடிப்படியின் கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் பெயர்ந்திருக்கின்றது. பிள்ளைகள் ஏறும்முன் அதைச் சரிசெய்து தருமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கின்றோம்.